ஆறாம் நம்பர் ரூம் நாய்க்குடை சார்

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் தாண்டி மறைமலை நகர் வரைக்கும் தேடினாலும், மழை பெய்தால் சிரிக்கிற மனுஷன் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் இங்கே மழை என்றால் எமன். கம்பெனி பஸ் பள்ளத்தில் சாயும். பைக்கில் போகிறவன் ரோடு என்று நினைத்துக் கால்வாயில் இறங்குவான். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொன்னால் கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் பீரோவைக் கட்டில் மேல் ஏற்றுவார்கள். இவர் மட்டும் அரை டிராயரை மாட்டிக்கொண்டு, ஒரு கூடையும் காய் நறுக்குகிற கத்தியுமாக, தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்புவார்.

எங்கே? நாய்க்குடை பார்க்க.

அவருக்கும் பெயர் இருந்தது. ஆதார் ஜெராக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் லைன் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் நாய்க்குடை. அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார். "நாய்க்குடைன்னு மொட்டையாச் சொன்னா எப்படி? எந்த நாய்க்குடைன்னு கேளுங்க" என்பார்.

சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனி இருக்கிறது. மிச்சமிருந்த துண்டில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மதுரை, எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து ஒரே கயிற்றில் துணி காயப்போடுகிறவர்கள். அங்கே ஒரு நாள் ரெண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார் இவர். ரஜாயில் சுற்றி எதையோ பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். அது பூதக்கண்ணாடி மெஷின் என்று அப்புறம் தெரிந்தது.

"இன்னா வேலை சார்?"

"காலேஜ்ல வாத்தியாரா இருந்தேன் ஆச்சி. திருநவேலிப் பக்கம். இப்ப காளான்தான்."

ஆச்சியாம். என்னைவிட நாலு வயது குறைச்சலாக இருந்தால் அதிகம். தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. சரி, வாடகை கொடுக்கிறவர், போகட்டும் என்று விட்டேன்.

"காளான் விக்கிறீங்களா?"

"இல்ல."

"வளக்கிறீங்களா?"

"இல்ல."

"துன்றதுக்கா?"

"வாயில வைக்க மாட்டேன்."

"அப்போ அத்த வச்சிகினு இன்னாதான் பண்ணுவீங்க?"

"பேரு வைப்பேன்."

பேர் வைக்கிறவன் குடித்துவிட்டு வந்து அடுத்த ரூம் கதவை உதைக்க மாட்டான் என்று நினைத்து ஆறாம் நம்பரைக் கொடுத்தேன்.

மலைக்குப் போனால் இன்னும் நிறையக் கிடைக்குமே, இந்தத் தூசியில் வந்து ஏன் உட்கார்ந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "மலையில இருக்கறவன் காலகாலமா மலைக்காரன் ஆச்சி. இங்க பாருங்க. பள்ளத்த மூட ஒரு ஊரு மண்ணு, புல்லு வளக்க இன்னொரு ஊரு மண்ணு, எல்லாம் லாரியில வருது. மண்ணோட ஒட்டிக்கிட்டு இவனுவளும் வாரானுவ. எவன் எங்கேருந்து வந்தான்னு ஒருத்தனும் பாக்கல" என்றார். என் வாடகைக்காரர்களுக்கும் அதே கதைதான். அவர்கள் எங்கேயிருந்து வந்தார்கள் என்றாவது போலீஸ் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனது.

அவர் பேர் வைக்கிற முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். தாசில்தார் ஆபீசில் ஜாதி சர்ட்டிபிகேட் வாங்குவது கஷ்டம் என்பீர்கள். இவரிடம் ஒரு நாய்க்குடை பேர் வாங்குவது அதைவிடக் கஷ்டம். பிடுங்கக் கூடாது, கத்தியால் அடிமண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். அப்புறம் குடையை மட்டும் அறுத்து, பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டின காகிதத்தின் மேல் கவிழ்த்து, அதன் மேல் ஒரு டம்ளரை மூடி வைப்பார். மறுநாள் டம்ளரைத் தூக்கினால் காகிதத்தில் சன்னமாக மாவுத்தூள் உதிர்ந்திருக்கும், நடுவில் புள்ளி வைத்து இழுத்த கோலம் மாதிரி. சிலதுக்கு வெள்ளைத் தூள், சிலதுக்குத் துரு நிறம், சிலதுக்குப் பச்சை. அந்தத் தூளைப் பார்க்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

"இது இன்னா சார்?"

"நாளைக்குத் தூளு விழட்டும், சொல்லுதேன்."

இதனால் நல்ல மழை பெய்த மறுநாள் எங்கள் லைன் வீட்டில் ஒரு டம்ளர் மிஞ்சாது. கேட்டு வாங்குவார், கேட்காமலும் வாங்குவார். ஒருமுறை முதல் ஷிப்டுக்குப் போகிற பையன் சோப்பு டப்பாவில் டீ குடித்துவிட்டுப் போனான். இன்னொருத்தன் ஆத்திரத்தில் ஒரு டம்ளரை உருவி எடுத்துவிட்டான். மனுஷர் அந்தக் கலைந்த தூளின் முன்னால் துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பையன் பயந்துபோய் வடை வாங்கிக்கொண்டு வந்து மன்னிப்பு கேட்டான்.

காளானை அவர் பார்க்கிற லட்சணம் பெண் பார்க்கப் போன வீட்டு அத்தை மாதிரி இருக்கும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்ப்பார். "நிறம் கோதும. நடுவுல கறுப்பு. மேல செதிலு. தண்டு ஒல்லி. கழுத்துல வளையம் இருந்து உதிந்திருக்கு. கால் பக்கம் லேசா வீக்கம்."

"இவ்ளோ கொற சொன்னா எவன் சார் பொண்ணு குடுப்பான்?"

"அதான் ஒருத்தனும் குடுக்கல" என்றார், கண்ணை எடுக்காமல். அவர் கல்யாணம் ஆகாதவர் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இதில் ஒரு சங்கடம். காளானை விவரித்து எழுதும்போது வாசனையும் எழுத வேண்டுமாம். கொரோனாவில் போன இவர் மூக்கு திரும்பி வரவே இல்லை. அதனால் என் மூக்கைக் கடன் கேட்டார். பெயிண்ட் அடிக்கிற கம்பெனிப் பையன்கள் மூக்கு எதற்கும் ஆகாது, எல்லாமே அவர்களுக்குத் தின்னர் வாசனைதான். நான்தான் மிச்சம்.

"இது எப்படி இருக்கு ஆச்சி?"

"எங்க மாமியா டிரங்குப் பொட்டி மாரி கீது."

"பொட்டின்னா அதுல எது? அந்துருண்டையா, எலிப் புழுக்கையா, பழம்பட்டா?"

"மாமியாதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதையும் ஏதோ இங்கிலீஷில் மாற்றி எழுதிக்கொண்டார். உயிரோடு இருந்தவரைக்கும் என் மாமியாரைப் பற்றி யாரும் நாலு வரி எழுதினதில்லை.

ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பேர் உண்டு என்பார். பேரினம் என்று ஒன்று, அது வீட்டுப் பேர் மாதிரி, அண்ணன் தம்பி எல்லாருக்கும் பொது. சிற்றினம் என்று ஒன்று, அது அவனவன் பேர். ஒரு நாள் எல்லா ரூமுக்கும் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். யாரோ எண்பது வருஷமாகத் தப்பான வீட்டுப் பேரில் வைத்திருந்த ஒரு காளானை, இவர் சரியான வீட்டுக்கு மாற்றிவிட்டாராம். "காளான் இன்னா சொல்லிச்சு சார்?" என்று கேட்டேன். லட்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

சிரிக்கிற மனுஷனுக்குப் பேய் பிடிக்கிற ஒரு கேள்வி இருந்தது. சாப்பிடலாமா?

பாவம், ஜனங்களுக்குக் காளானைப் பார்த்தால் வேறு என்ன கேட்கத் தோன்றும்? டீக்கடைக்காரர் கேட்டார். அன்றோடு அந்தக் கடை டீயை விட்டுவிட்டு, அரை மைல் நடந்து வேறு கடைக்குப் போனார். என் மகன் செல்வம் கம்பெனி ஆட்களை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன், அவனும் ஒரு தடவை தெரியாமல் கேட்டுவிட்டான். "கோயில் சிலையப் பாத்து, ஒடச்சா எத்தன சல்லி தேறும்னு கேப்பியாடே? என்னத்தப் பாத்தாலும் திங்கணுமா? நான் பேரு வைக்கவன், சமையக்காரன் இல்ல!" என்று வேன் கதவு அதிரக் கத்தினார். அதற்கப்புறம் யாராவது அவரைச் சீண்ட வேண்டும் என்றால் ரூம் வாசலில் நின்று, "சார், சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். செருப்பு பறந்து வரும். வேலை முடிந்து செத்துப்போய் வருகிற பிள்ளைகளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அந்த ஐப்பசியில்தான் அவருக்கு அது கிடைத்தது. பக்கத்துக் கம்பெனி கேட்டுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் அழகுக்காகப் புல் வளர்த்திருந்தார்கள். அந்தப் புல்லில், கட்டை விரல் உயரத்தில், பழுப்புச் செதிலோடு ஒரு குட்டிக் காளான். "வீட்டுப் பேரு லெபியோட்டா ஆச்சி. ஆனா இந்தப் பய யாருன்னு ஒலகத்துல எந்தக் கணக்குலயும் இல்ல. நான்தான் மொத மொதலாப் பாக்கேன்" என்றார். முப்பது வருஷமாக மற்றவர்கள் வைத்த பேரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சொந்தமாகப் பேர் வைக்க ஒன்று கிடைத்திருந்தது. சோறு தண்ணி மறந்துபோனார்.

நாலாம் நம்பர் ரூமில் ஜார்கண்ட் பெண்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். கார்களுக்கு ஒயர் கட்டுகிற லைனில் வேலை. ஒருத்தி ரீட்டா, சிடுமூஞ்சி. இன்னொருத்தி ஃபூல்மணி, எங்கள் வாயில் பூமணி. நின்றுகொண்டே ஷிப்டு பார்த்துக் கால் வீங்கி வந்தாலும், குழாயடியில் சார் மாதிரி குனிந்து, சார் மாதிரி முணுமுணுத்து நடித்துக் காட்டாமல் தூங்கப் போக மாட்டாள். அவள் ஊர்க் காட்டில் மழைக்கு முளைக்கிற காளான் ஆட்டுக்கறிக்குச் சமானமாம். சின்ன வயதிலிருந்து கூடை கூடையாகப் பொறுக்கினவள். பழகின கண். அந்தக் கண் அந்தக் காட்டுக்குச் சரி. அங்கே நல்லது எது என்று அம்மா காட்டிக் கொடுத்திருக்கிறாள். இங்கே புல்லும் இரவல், மண்ணும் இரவல், யார் காட்டிக் கொடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டதும் அந்தக் கம்பெனிப் புல்லில் பெரிய பெரிய வெள்ளைக் குடையாக முளைத்ததைப் பார்த்துவிட்டு, துப்பட்டா நிறையப் பறித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊர் ஞாபகம் வந்து முகமெல்லாம் பல். நேரே ஆறாம் நம்பருக்குப் போனாள். பின்னாலேயே ரீட்டா. நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், தேக்கோ! எங்க ஊர்ல இருக்குற மாதிரியே. இது சாப்பிடலாமா?"

அவர் மெஷினில் கண்ணைப் புதைத்து, அந்தக் குட்டிக் காளானின் தூளை அளந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அளந்தால் வேலை முடிந்தது. திரும்பக்கூட இல்லை.

"சாப்பிடலாமா, சாப்பிடலாமான்னு உசுர எடுக்கியளே! இதென்ன ஓட்டலா? வெளிச்சத்த மறைக்காமப் போங்க அந்தால!"

"சார், நெஜமா கேக்குறேன்..."

"போன்னா போகணும்!"

பூமணி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆயா, இன்னிக்கி சார் புலி" என்றாள். நாலாம் நம்பரில் சாயங்காலம் கடுகெண்ணெயும் பூண்டும் மணத்தது. ரீட்டா சர்ச்சில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள், உப்பு பார்க்க மட்டும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். பூமணி வயிறாரச் சாப்பிட்டாள். அப்புறம் ஒரு கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடி, ஆறாம் நம்பர் வாசலில் வைத்தாள்.

"கோவக்கார சாருக்குக் குடுக்கிறியே" என்று கேட்டேன்.

"காலைலேந்து சாப்பிடல ஆயா. பசில கத்துறாரு."

விடியும்போது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பூமணி வரவில்லை. போய்ப் பார்த்தால் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடக்கிறாள். செல்வம் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டு மேல் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கூட ரீட்டா போனாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் ஆறாம் நம்பர் கதவைத் தட்டி, உங்கள் காளானைத் தின்ற பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றேன்.

"எப்ப சாப்ட்டா?"

"நேத்து சாயங்காலம்."

"ஒடனே வாந்தி எடுத்தாளா?"

"இல்ல சார். விடிகாலைலதான்."

"ஒடனே எடுத்திருந்தா நல்லது ஆச்சி. ஒடனே எடுத்திருந்தா நல்லது" என்று ரெண்டு தடவை சொன்னார். வாசலில் இருந்த கிண்ணத்தை யார் வைத்தது என்றே அதுவரை தெரியாது அவருக்கு. கதவில் இடிக்கிறதே என்று எடுத்துப் பெட்டி மேல் வைத்திருக்கிறார். என் டீ வடிகட்டியைக் கேட்டு வாங்கினார். அந்தக் குழம்பை வடிகட்டி, மிளகாயும் எண்ணெயும் போகக் கழுவி, ஒவ்வொரு துண்டாக ஊசியால் பிரித்து, ஒரு தட்டில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டே போனார். பெரிய வெள்ளைத் துண்டெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம், வெள்ளையோடு கலந்து வந்த சின்னச் சின்னப் பழுப்பு. அதில் ஒன்றை மெஷினில் வைத்துக் குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"நம்ம பயதான் ஆச்சி."

"எவன்?"

"நான் பேரு வைக்கதா இருந்தேன்லா. அவன்."

"வெசமா சார்?"

"தெரியாது. இவனப் பத்தி ஒலகத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா இவன் அண்ணன் தம்பியளத் தெரியும். அந்த வீட்ல நாலஞ்சு பேரு கொலகாரனுவ. ஈரல அரிச்சிருவானுவ."

"அப்போ இன்னாத்துக்கு உக்காந்துகினு கீறீங்க? போய்ச் சொல்லுங்க!"

"வெந்த துண்ட வச்சு எப்படிச் சொல்ல? தப்பாப் போச்சுன்னா? பச்சையா எடுத்துட்டு வாரேன். தூளு விழட்டும். நாளைக்கு உறுதியாத் தெரிஞ்சிரும்."

மழையில் ஓடிப்போய்ப் புல்லில் தேடிப் பறித்துக்கொண்டு வந்தார். டம்ளர் டம்ளராகக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு டம்ளருக்காக யாரும் சண்டை போடவில்லை.

மறுநாள் காலையில் செல்வம் வந்தான். "எம்மா, பூமணி எழுந்து உக்காந்துகினு இட்லி துன்னுது. சிரிக்குது. மத்தியானம் வூட்டுக்கு அனுப்பிடறாங்களாம். லைன்ல வேற ஆளப் போட்டுடுவாங்கன்னு அதுக்கு ஒரே கவலை."

நான் மாரியாத்தாளைக் கும்பிட்டேன். ஆறாம் நம்பர் வாசலில் நின்றிருந்த சார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"இன்னாம்மா இது, நல்ல சேதி சொன்னா மனுசன் அழுவுறாரு?"

"சிரிக்காளா? அய்யோ, சிரிக்காளா?" என்றார் சார். "அந்த வீட்டுப் பயலுவ செய்யுத வேலையே இதுதான் தம்பி. மொத நாளு வாந்தி. மறுநாளு ஒண்ணுமே நடக்காதது மாதிரி எழுப்பி உக்கார வைப்பான். அதுக்குள்ள உள்ள போயி ஈரல்ல ஒக்காந்திருப்பான். வண்டிய எடு. வண்டிய எடுப்பா!"

டம்ளர் ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. அப்படியே கிடந்தது எல்லாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன், தூக்கமில்லாத கண். நல்ல பையன்தான். பொறுமையாகக் கேட்டான்.

"என்ன காளான்னு சொல்றீங்க?"

"பேரு இல்ல."

"பேர் இல்லையா?"

"நான் இன்னும் வைக்கல."

டாக்டர் என்னைப் பார்த்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன். பைத்தியத்தைக் கூட்டி வந்த மாதிரிதான் இருந்தது எங்களுக்கும்.

"சார், அந்தப் பொண்ணு நல்லா இருக்கு. நீங்க சொல்றத நம்பி சென்னைக்குத் தூக்கிட்டுப் போகணும்னா, நீங்க உறுதியாச் சொல்லணும். இது அந்த விஷக் காளான் கூட்டம்தானா? நூத்துக்கு நூறு?"

எனக்கு அவரைத் தெரியும். இந்த மனுஷர் எதையும் நூற்றுக்கு நூறு சொன்னவர் இல்லை. கத்தரிக்காயைக் காட்டிக் கேட்டாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்பவர். கட்டிலில் இருந்த பூமணி, "சார் வந்துட்டியா? கோவம் போச்சா? கிண்ணம் காலி பண்ணியா?" என்று கேட்டாள்.

"சத்தியமா அதுதான்" என்றார் சார், டாக்டரிடம். "எங்க அம்ம மேல சத்தியமா அதுதான். இந்தப் புள்ளையையும் கொண்டு போகணும்" என்று ரீட்டா கையைப் பிடித்தார்.

ரீட்டா கையை உதறினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல! இப்ப வந்து சொல்றே. நாங்க உன்கிட்ட கேட்டோம்ல சார்? வந்து கேட்டோம்தானே? அப்ப வாய் இல்ல?"

டாக்டர் ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தனுப்பினான். ரிசல்ட் காகிதம் வந்ததும், அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தான். அதற்கப்புறம் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டான்.

ரெண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகத்தான் போனோம். பூமணி படுத்தபடியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "எவ்ளோ தண்ணி ஆயா. இவ்ளோ பெரிய தண்ணி இங்க இருக்குன்னு யாரும் சொல்லல" என்றாள். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், ரூமும் பஸ்ஸும் லைனும் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் கண் மஞ்சளானது. அப்புறம் உடம்பு. அப்புறம் எங்களை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர்கள், அவர்களும் முட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் முடிந்துபோனது. ரீட்டாவுக்கும் அந்த ஒரு கரண்டி ஈரலைத் தொட்டிருந்தது. முன்னமே கொண்டு வந்ததால் பிழைத்தாள் என்று அங்கே சொன்னார்கள். சார் வராண்டாவில் நின்று அதைக் கேட்டார். சந்தோஷப்பட அவருக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிப் புல்லில் முளைத்ததை யார் பறிக்கச் சொன்னது என்று, பூமணியை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட்காரன் கேட்டான். கம்பெனியில் அந்த வாரமே புல்லையெல்லாம் சீவி எறிந்து சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். சார் கண்டுபிடித்த காளான் இப்போது உலகத்தில் இருப்பது ஆறாம் நம்பர் ரூம் டிரங்குப் பெட்டியில் மட்டும்தான், காய்ந்து, கவருக்குள்.

பெட்டியில் வைத்துப் பூமணியை ஊருக்கு அனுப்பினபோது சார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் போறேன் ஆச்சி. கேட்ட புள்ளைக்குப் பதில் சொல்லல. பெத்தவகிட்டயாவது நின்னு சொல்லணும்."

"அடிச்சுப் போட்டுடுவாங்க சார்" என்றான் செல்வம்.

"அடிக்கட்டும்."

கூடப் போன ரீட்டா அவரோடு பேசவில்லை. ஆனால் ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டில் வாங்கினபோது ரெண்டாக வாங்கினாள்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆளைக் காணோம். போன் செய்தால் எடுக்கவில்லை. வாடகைக்காரப் பையன்கள் கொஞ்ச நாள் அந்த ரூமைப் பார்த்தார்கள், பேசிக்கொண்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் ஷிப்டு இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார். உள்ளே வரவில்லை.

"சொன்னீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சொன்னேன். ரீட்டாதான் அவுக பேச்சுல எடுத்துச் சொன்னா. ஒண்ணு விடாமச் சொல்லச் சொன்னேன். அவளும் விடல."

"அவங்க அம்மா இன்னா சொன்னாங்க?"

"என்னைய உக்காரச் சொன்னா. பெறவு ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஆசையாச் சாப்ட்டாளா என் மகன்னு." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சாப்ட்டான்னேன். எனக்கும் ஒரு கிண்ணம் வச்சான்னேன். அதக் கேட்டுத்தான் அவ அழுதா."

குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக் கம்பி வழியாக நீட்டினேன்.

"அந்தச் சனியனுக்குப் பேர் வச்சிட்டீங்களா?" என்றேன்.

"நோட்டு கையில இருந்துது, அங்கேருந்தே வச்சு அனுப்பிட்டேன். மொத வரியே இது ஆளக் கொல்லும்னுதான் எழுதியிருக்கேன். பூமணி பேர வையின்னு ரீட்டா சொன்னா. மாட்டேன்னுட்டேன். கொன்னவனுக்கு அவ பேரா? நல்லதா, நாக்குல வச்சா ருசியா, புள்ளையளு பயமில்லாமத் திங்கற மாதிரி ஒண்ணு கெடைக்கட்டும் ஆச்சி. அதுக்கு வைக்கேன். இனிமே அதத்தான் தேடணும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நாலாம் நம்பர்க்காரி செத்ததுக்கு நான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க வேற ஆளுக்கு ரூமக் குடுத்திருப்பீய. நியாயந்தான். பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிருதேன்."

"யாரும் வரல சார். ரூம் காலியாத்தான் கீது, போய்ப் படுங்க" என்றேன். அந்த ஒரு மாசமும் ரூம் கேட்டு வந்தவர்களையெல்லாம், ஆறாம் நம்பர் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி நான்தான் விரட்டியிருந்தேன்.